கலந்துகட்டி ஒரு வீடு, எதிரே கடல்

எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள். செருப்பைக் கழற்றுவார்கள், நான் "வாங்க வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் ஹாலைத் தாண்டி நேராகப் பால்கனிக்குப் போய்விடுவார்கள், கம்பியைப் பிடித்துக்கொண்டு "அடேயப்பா" என்பார்கள். செல்போனை எடுத்து நாலு படம் பிடித்துவிட்டு ஐந்து நிமிஷம் கழித்துத் திரும்புவார்கள். அப்போதுதான் ஹால் அவர்கள் கண்ணில் படும். அங்கே ஒரு சின்ன மௌனம் வரும். அதற்கப்புறம் என்ன சொல்கிறார்கள் என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். 2022 ஆவணியில் இங்கே பால் காய்ச்சினோம். அன்றிலிருந்து அந்த மௌனத்துக்குப் பின்னால் வந்த பேச்சையெல்லாம் மனதில் சேர்த்து வைத்துக்கொண்டு வருகிறேன், எழுதி வைக்கவில்லை என்றால் மறந்துவிடும் என்று தோன்றியதால் இந்தப் பதிவு.

முதலில் பால்கனியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சாந்தோமில் ஒரு பழைய கட்டடத்தின் எட்டாவது மாடி. கிழக்கே கடல். கீழே சாந்தோம் நெடுஞ்சாலை, அதைத் தாண்டினால் குப்பத்து வீடுகள், லூப் ரோடு, வரிசையாக ஏற்றி வைத்த ஃபைபர் படகுகள், மணல், அப்புறம் தண்ணீர்தான். இடது கைப் பக்கம் மெரினா கலங்கரை விளக்கம், சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக. வலது கைப் பக்கம் சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம். சமையலறை ஜன்னல் மேற்குப் பார்த்தது, அங்கே நின்று குழம்பைக் கிளறும்போது மரங்களுக்கு மேலே கபாலீசுவரர் கோவில் ராஜகோபுரத்தின் தலை தெரியும். ஒரு வீட்டில் இருந்துகொண்டு இந்த மூன்றையும் பார்க்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று இன்றைக்கும் நான் நினைக்காத நாளில்லை.

கடலும் தினம் ஒரே கடலாக இருப்பதில்லை. வெயில் காலத்தில் மதியம் ஒன்று, ஒன்றரை வரைக்கும் தகடு மாதிரி கிடக்கும், கடல்காற்று உள்ளே புகுந்ததும் மேல்பரப்பு முழுக்கச் சிலிர்த்துக்கொண்டு நிறம் மாறிவிடும், அதைப் பார்த்தே பால்கனிக் கதவைத் திறக்கலாம் என்று தெரிந்துகொள்வேன். ஐப்பசி மழையில் காவிநிறம். இரவில் துறைமுகத்துக்குள் நுழைய இடம் கிடைக்காமல் தூரத்தில் காத்திருக்கும் கப்பல்களின் விளக்குகள் ஒரு தெருவே மிதப்பதுபோல இருக்கும். சூரியன் உதிக்கும் இடமும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. மார்கழியில் வலப்பக்கம் தள்ளி எழும், ஆனியில் இடப்பக்கம் வந்துவிடும். மகள் முதல் வருஷம் பால்கனிக் கம்பியில் மாசாமாசம் ஒரு கலர் நூலைக் கட்டி வைத்தாள், எந்த மாசம் எங்கே சூரியன் என்று. நூல் எல்லாம் உப்புக்காற்றில் வெளுத்துப்போய்விட்டது, ஆனால் முடிச்சுகள் அப்படியே இருக்கின்றன.

சரி, இப்போது உள்ளே வருவோம்.

ஹாலின் ஒரு சுவர் கிளிப்பச்சை. அதில் பதினோரு மங்குச் சட்டிகள் மாட்டியிருக்கின்றன, சின்னதும் பெரியதுமாக, நீலம், வெள்ளை, ஒன்றிரண்டு மஞ்சள். எங்கள் பக்கத்தில் எனாமல் பாத்திரத்துக்கு மங்குச் சாமான் என்றுதான் பெயர். தேவகோட்டை, காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் ஒரு காலத்தில் பெண்ணுக்குச் சீராக அடுக்கிக் கொடுத்தவை, ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தவை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினேன், இரண்டு மட்டும் அம்மாச்சியுடையது. எதிர்ச் சுவரில் ரவிவர்மா அச்சகத்து லட்சுமி. அந்தக் காலத்தில் இந்தப் படங்களை வாங்கி வந்து வீட்டுப் பெண்கள் சேலையின் மேல் ஜரிகையும் சம்கியும் ஒட்டி, தைத்து, அப்புறம் சட்டம் போடுவார்கள். எங்கள் லட்சுமியின் சேலையில் பாதி சம்கி உதிர்ந்துவிட்டது, மிச்சம் இருப்பது சாயங்கால வெளிச்சத்தில் மின்னும்.

லட்சுமிக்குக் கீழே மூன்று தியேட்டர் நாற்காலிகள், ஒன்றோடொன்று சேர்த்துப் பிணைத்தது, முதுகில் வெள்ளைப் பெயிண்ட்டில் 14, 15, 16. எங்கள் ஊர் தியேட்டரை மூடிச் சாமான்களை விற்றபோது அப்பா வாங்கிப் போட்டது. எழுந்தால் உட்காரும் பலகை "டொப்" என்று மடங்கிக்கொள்ளும். அதற்குப் பக்கத்தில் மகள் தேர்ந்தெடுத்த ஆழ்ந்த நீல நிற சோஃபா. நடு ஹாலில் தேக்குப் பலகை ஊஞ்சல், கடலைப் பார்த்து. ஊஞ்சலுக்குக் கீழே மட்டும் ஆறடிக்கு ஆறடி பழைய தரையைப் பெயர்த்துவிட்டு ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கிறோம், மற்ற இடமெல்லாம் முன்னால் இருந்தவர்கள் போட்ட வெள்ளை டைல்ஸ்தான். பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் என் தாத்தாவின் பர்மா வெற்றிலைப் பெட்டி. இதுபோக ஒரு தலையாட்டி பொம்மை, கணவருடைய அப்பாவின் ரயில்வே கைவிளக்கு, மகள் கல்லூரியில் வரைந்த பெரிய கருப்பு வெள்ளைப் படம் ஒன்று, அது என்ன என்று கேட்டால் அவளே நாளுக்கொரு பதில் சொல்வாள்.

ஒன்றோடொன்று பொருந்துகிற சாமான் எதுவும் கிடையாது. எனக்கு இது நன்றாகத் தெரியும், தெரிந்தேதான் வைத்திருக்கிறேன்.

வந்தவர்கள் சொன்னதைச் சொல்கிறேன். "மியூசியம் மாதிரி இருக்கு" என்று சொன்னவர்கள்தான் அதிகம், அதைப் பாராட்டாகவும் சொல்லலாம், வேறு மாதிரியும் சொல்லலாம், முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். "இன்னும் செட்டில் ஆகலையா?" என்று கணவரின் அலுவலக நண்பர் ஒருவர் கேட்டார், அப்போது நாங்கள் குடிவந்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. சித்தப்பா மகன் குரலைத் தாழ்த்தி, "அக்கா, இந்த வியூவுக்கு உள்ள எல்லாம் வெள்ளையா, சிம்பிளா இருந்தா எப்படி இருக்கும் தெரியுமா" என்றான். அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். குடிவருவதற்கு முன்னால் உள் அலங்காரம் செய்துதரும் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டியபோதும் இதையேதான் சொன்னார்கள்: சுவரெல்லாம் வெள்ளை, சாம்பல் நிறத்தில் ஒரு சோஃபா, கண் நேராகக் கடலுக்குப் போக வேண்டும், வழியில் எதுவும் இடறக் கூடாது, பழைய சாமான்களை "ஸ்டோர் பண்ணிடலாம்". அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. தாத்தா கையில் தூக்கிக்கொண்டு வந்த பெட்டியை எந்த ஸ்டோரில் போடுவது?

இதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் பாரிஸில் இருந்த ஒரு வீட்டைப் பற்றித் தெரிந்துகொண்டேன். சண்டிகர் நகரத்தை வடிவமைத்த லெ கொர்புசியேதான் அதைக் கட்டியவர், 1929க்கும் 1931க்கும் இடையில். ஷான்செலீசே சாலையில் ஒரு கட்டடத்தின் உச்சியில், சார்ல்ஸ் தெ பெய்ஸ்தெகி என்ற பெரும் பணக்காரருக்காக. கட்டடக்காரர் வெள்ளையாக, துடைத்துவிட்டதுபோலக் கட்டிக்கொடுக்க, வீட்டுக்காரர் அதற்குள் சரவிளக்கும் பழைய அரண்மனைக் காலத்து நாற்காலிகளுமாக நிரப்பி, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் விருந்து வைத்தார். மொட்டை மாடியில் ஒரு செடிவேலி, பொத்தானை அமுக்கினால் மின்சாரத்தில் நகர்ந்து நகரத்தைத் திறந்து காட்டும். அதற்கு மேலே இன்னொரு தளம், புல் தரை, சுவரில் ஒரு பொய்க் கணப்பு, சுவரை உயரமாக எழுப்பிவிட்டதால் ஊரே மறைந்துபோய் வெற்றி வளைவின் உச்சி மாதிரி ஒன்றிரண்டு தலைகள் மட்டும் தெரியும். உலகத்திலேயே அழகான காட்சி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதில் பெரும்பகுதியை மறைத்திருக்கிறார்கள். அந்த வீட்டின் படங்களை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை முழுக்க வெளியே விட்டுவிட வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை என்று அந்தப் படங்கள் எனக்குச் சொன்னதுபோல இருந்தது. மறுநாளே அலங்காரக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

ஊஞ்சலுக்கு வந்த ஆசாரிதான் இந்த வீட்டை முதலில் மனதாரப் பாராட்டினவர். பலகை எங்கள் ஊர் வீட்டுத் திண்ணை அறைக் கதவு, வீட்டை விற்றபோது எடுத்து வந்தது. அவர் வந்ததும் கடலைப் பார்க்கவே இல்லை. கதவை இரண்டு விரலால் தட்டினார், ஓரத்தில் இழைப்புளியை ஒரே ஒரு தரம் ஓட்டினார், சுருளாக வந்த சீவலை மூக்கில் வைத்து முகர்ந்தார். "பர்மா தேக்கும்மா. எண்ணெய் வாசம் இன்னும் போகல பாருங்க" என்று என்னிடமும் நீட்டினார். எண்பது தொண்ணூறு வருஷம் வெயிலிலும் மழையிலும் நின்ற கதவு, தோல் உரித்ததும் புதுசாக வாசனை அடித்தது. அந்தச் சீவலை நான் இன்னும் ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். அடுக்குமாடியில் ஊஞ்சல் மாட்டுவது லேசான வேலை இல்லை, கட்டும்போதே கொக்கி வைக்காத தளத்தை இஷ்டத்துக்குத் துளைக்கக் கூடாது, அதனால் ஒரு இன்ஜினீயரை வைத்துப் பார்த்து, பீம் ஓடும் இடமாகத் தேர்ந்தெடுத்து, இரும்புப் பட்டை வளைத்து இரண்டு பக்கமும் போல்ட் முடுக்கி, நாலு பித்தளைச் சங்கிலி. வேலை முடிந்ததும் ஆசாரியையே முதலில் உட்காரச் சொன்னோம். மறுத்தார், வற்புறுத்தியதும் உட்கார்ந்தார். காலால் தரையை ஒரு உந்து உந்திவிட்டு அப்போதுதான் கடலைப் பார்த்தார். "கதவு நல்ல எடத்துக்குத்தான் வந்திருக்கு" என்றார்.

ஆத்தங்குடிக் கல் பதிக்க வந்தது ஒடிசாவைச் சேர்ந்த ஒரு இளைஞன், இருபத்திரண்டு வயசு இருக்கும். அந்த மாதிரிக் கல்லை அவன் அதுவரை தொட்டதில்லை. ஆத்தங்குடியில் பட்டறைக்கு நானே போய்ப் பார்த்து வாங்கியதால் அவனுக்கு அரைகுறை இந்தியில் சொன்னேன்: அடியில் கண்ணாடித் தகடு, மேலே இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவத்தில் அச்சு, அச்சின் ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு நிறமாகக் குழைத்த சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவார்கள், கை நடுங்காமல் அச்சைத் தூக்கிவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு அமுக்குவார்கள், காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவார்கள், கண்ணாடி கழன்று வரும்போது கல்லின் முகம் பளபளவென்று இருக்கும். சூளை கிடையாது, எந்திரம் கிடையாது. அவன் ஒரு கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முப்பத்தாறு சதுர அடிதான், ஆனால் இரண்டு நாள் எடுத்துக்கொண்டான், ஒரு பூவின் இதழ் அடுத்த கல்லின் இதழோடு கோடு பிசகாமல் சேர வேண்டும் என்று. முடித்ததும் அவன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டான். முதலில் கேமராவைக் கடலுக்குத் திருப்பினான், அப்புறம் தரைக்குத் திருப்பினான், தரையில் ரொம்ப நேரம் வைத்திருந்தான்.

தாத்தாவின் பெட்டிக்கு வருகிறேன். அம்மாவின் அப்பா ரங்கூனில் ஒரு செட்டியார் லேவாதேவிக் கடையில் (வட்டிக்குப் பணம் கொடுக்கும் கடை) அடுத்தாளாக, அதாவது மேலாளுக்கு அடுத்த ஆளாக இருந்தவர். எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகப் போய்ச் சேர்ந்து, மூன்று வருஷம் ஒரு கணக்கு என்று இரண்டு கணக்கு முடித்து, மூன்றாவது கணக்கின் நடுவில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். 1942இல் ஆயிரக்கணக்கானவர்களோடு அரக்கான் மலையைக் கடந்து சிட்டகாங் வந்து, ரயிலேறி ஊர் வந்து சேர்ந்தார். கையில் இருந்தது ஒரு துணி மூட்டையும் இந்தப் பெட்டியும். இது அரக்குப் பெட்டி, உருளை வடிவம், சிவப்பு. மூங்கிலைச் சன்னமாகச் சீவிப் பின்னி, அதன்மேல் ஒரு மரத்துப் பாலைக் கையாலேயே பூசிப் பூசிக் காயவைத்து, கடைசியில் ஊசியால் கீறிக் கீறல்களில் நிறம் ஏற்றியது. கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தால் மூடியைச் சுற்றி முழுக்க மனிதர்கள், ஒருவர் குடை பிடிக்கிறார், ஒருவர் மண்டியிட்டிருக்கிறார், ஒரு குதிரை, அரிசி மணி அளவு முகங்கள். உள்ளே இரண்டு தட்டு, ஒன்றன்மேல் ஒன்று. அடித்தட்டில் சுண்ணாம்புக் கறை இன்னும் இருக்கிறது, அதை நான் துடைப்பதில்லை.

மூன்றாவது மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர், தனியாக வாக்கிங் போவார், வணக்கம் சொல்வதோடு சரி. போன தை மாசம் குடியிருப்போர் சங்கக் கணக்கு விஷயமாக மேலே வந்தார். அவரும் பால்கனிக்குப் போவார் என்று நினைத்து நான் வழி விட்டேன். அவர் பூஜை அலமாரிப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"இது எங்கம்மா கெடச்சுது உங்களுக்கு?"

சொன்னேன். தொடலாமா என்று கேட்டார். மூடியைத் திறந்து, மேல் தட்டை எடுத்து, கீழ்த் தட்டை முகர்ந்து பார்த்தார். "குன்-இட்" என்றார். வெற்றிலைப் பெட்டிக்குப் பர்மியப் பெயர் அது. அவர்கள் குடும்பம் 1964இல் பர்மாவில் கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது கிளம்பி வந்தது, அவருக்கு அப்போது பன்னிரண்டு வயசு. எங்கள் தாத்தாவுக்காவது பெட்டி மிஞ்சியது, இவர்களிடம் நகையைக்கூட எடுத்துவர விடவில்லையாம். அவருடைய ஆயா, அதாவது பாட்டி, வெற்றிலைப் பெட்டியைப் பக்கத்து வீட்டுப் பர்மியப் பெண்மணியிடம் கொடுத்துவிட்டு வந்தார்களாம், கப்பலில் ஆயா வேறு எதையும் பற்றிப் பேசவில்லை, பெட்டியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்களாம்.

அப்புறம்தான் பால்கனிக்கு வந்தார். வடக்கே பார்த்தார். "நாங்க வந்தப்போ இந்த லைட்ஹவுஸ் கிடையாது. கோர்ட்டு மேலதான் வெளக்கு எரியும். ராத்திரி கப்பல்லேர்ந்து அதத்தான் மொதல்ல பாத்தோம். அப்பா தூக்கிக் காமிச்சார், பன்னண்டு வயசுப் பையனை" என்றார். அவர் சொன்னது சரிதான். இப்போது இருக்கும் கலங்கரை விளக்கம் 1977இல் வந்தது, அதற்கு முன்னால் 1894இலிருந்து உயர் நீதிமன்றத்தின் உச்சிக் கோபுரத்தில்தான் விளக்கு இருந்தது. எத்தனையோ தடவை படித்த விஷயம், ஆனால் அந்த விளக்கைக் கடலிலிருந்து பார்த்த ஒருவர் என் பால்கனியில் நின்று சொன்னபோது கம்பியைப் பிடித்திருந்த என் கை விறைத்துப்போனது. கடல் எனக்கு வேடிக்கை பார்க்கிற இடமாகத்தான் அதுவரை இருந்தது. தாத்தா அதைத் தாண்டிப் போனவர், இந்தப் பெரியவர் அதைத் தாண்டி வந்தவர். அன்றைக்கு அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஊஞ்சலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சங்கக் கணக்கை இருவருமே மறந்துவிட்டோம். இப்போது மாசம் ஒருமுறை வருகிறார், நான் வெற்றிலை வாங்கி வைக்கிறேன், அந்தப் பெட்டியிலேயே.

மீன் கொண்டுவரும் அக்கா நொச்சிக்குப்பத்தில் இருக்கிறார். வழக்கமாகக் கேட்டருகில் நின்று குரல் கொடுப்பார், நான் கீழே இறங்கிப் போவேன். எனக்குக் கால் சுளுக்கியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே லிஃப்டில் மேலே வந்தார். அன்னக்கூடையை வாசலில் வைத்துவிட்டு, உள்ளே வரத் தயங்கியவரைக் கூப்பிட்டேன். பால்கனியில் நின்றார். வேறு யாரும் பார்க்காத மாதிரி பார்த்தார், தூரத்தைப் பார்க்காமல் கண்ணை நேராகக் கீழே இறக்கினார்.

"தோ பாரு, நம்ம மொட்டமாடி. நா காயப்போட்ட கருவாடு தெர்து பாரு!"

நிஜமாகவே தெரிந்தது, ஒரு தார்பாயின் மேல் வெள்ளி வெள்ளியாக. அப்புறம் ஒவ்வொன்றாகக் காட்டினார். அந்த ஊதா நிறப் படகு அவர் தம்பியுடையது, அதற்கு அந்தப் பக்கம் வலை பிரித்துக்கொண்டிருப்பவர் சின்ன மாமனார், அங்கே தண்ணீர் கொஞ்சம் கறுத்துத் தெரிகிறதே, அங்கேதான் இன்றைக்கு மீன் கூட்டம் போகும். நான் மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்த காட்சியில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பெயர் வந்துவிட்டது. திரும்பி உள்ளே வந்தவர் மங்குச் சட்டிகளைப் பார்த்து, "சுவத்துல மாட்டிக்கிறியா, நல்லாத்தான் கீது" என்றார், நீலச் சட்டி ஒன்றைக் காட்டி அவர் பாட்டி மீன் கழுவ அந்த மாதிரி ஒன்று வைத்திருந்ததாகச் சொன்னார். போகும்போது, "யம்மா, கருவாட்ட காக்கா தூக்குச்சின்னா எனக்கு ஒரு போன் போடு" என்றார். நான் போடுகிறேன். இதுவரை நாலைந்து தடவை போட்டிருக்கிறேன், மேலிருந்து பார்த்தால் அவர் படியேறி ஓடி வந்து காக்காயை விரட்டிவிட்டு எங்கள் மாடியைப் பார்த்துக் கை ஆட்டுவார்.

இதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் வந்த ஒரு விருந்தாளி, "அந்தக் குப்பம் மட்டும் நடுவுல இல்லைன்னா வியூ இன்னும் க்ளீனா இருக்கும்" என்று சொல்லியிருந்தார். அன்று நான் பேசாமல் இருந்தேன், காபி கொடுத்து அனுப்பினேன். பேசாமல் இருந்ததற்கு இப்போது வருத்தப்படுகிறேன். கோட்டை வருவதற்கு முன்னால், இந்த ஊர் நகரமாவதற்கு முன்னால் இந்தக் கரையில் வலை காய்ந்துகொண்டிருந்தது. நாங்கள்தான் அவர்கள் வாசலுக்கு எதிரே எட்டு மாடி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறோம். கடலும் வேண்டும், கடலோடு இருக்கிற மனிதர்கள் வேண்டாம் என்றால் அது என்ன ரசனை? இனி யாராவது என் பால்கனியில் நின்று அப்படிச் சொன்னால் நிச்சயம் பதில் சொல்வேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு எந்தக் குழப்பமும் இல்லை, அவர்கள் நேராகத் தியேட்டர் நாற்காலிக்குத்தான் போவார்கள். மகளின் தோழிகளும் அப்படியே. சாயங்காலம் அந்த மூன்று நாற்காலியையும் பால்கனிக் கதவுக்கு நேராக இழுத்துப் போட்டுக்கொண்டு, இருட்டுகிற வரைக்கும் கடலைப் பார்த்தபடி முறுக்கு தின்பார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு உப்பைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது, கடலோரம் வீடு பார்ப்பவர்கள் யாராவது இதைப் படிக்கலாம். உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. ஜன்னல் கீல்கள் இரண்டு வருஷத்தில் மாற்றியாகிவிட்டது, ஏசியின் வெளிப்பெட்டி பொரிந்துபோய்விட்டது, ஊஞ்சல் சங்கிலியைப் பதினைந்து நாளைக்கு ஒருமுறை புளி போட்டுத் தேய்க்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மூடிய கதவின் இடுக்கு வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது, மூன்று பேரும் ராத்திரி முழுக்கத் துண்டை வைத்து அடைத்துக்கொண்டிருந்தோம், லட்சுமியைக் கழற்றிப் பீரோவுக்குள் வைத்தேன், பெட்டியை என் சேலையில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டேன். வெள்ளைச் சுவரும் சாம்பல் சோஃபாவும் மட்டும் இருந்திருந்தால் அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன், அது உண்மை. ஆனால் அந்த ராத்திரி எதை முதலில் எடுத்து மூடினேன் என்று பார்த்தபோதுதான் எனக்கு எது எவ்வளவு வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்தது.

கடைசியாக மதினி வந்ததைச் சொல்ல வேண்டும், கணவரின் அக்கா. அவர்கள் வீடு பத்தமடைக்குப் பக்கம். இரண்டு ஆஸ்பத்திரி வேலைக்காகப் போன பங்குனியில் ஒரு வாரம் தங்கினார். எங்கள் கல்யாணத்துக்கு அவர்தான் பத்தமடையில் சொல்லிவைத்துக் கல்யாணப் பாய் நெய்து வாங்கிக் கொடுத்தவர். தாமிரபரணித் தண்ணீரில் கோரையை ஊறப்போட்டு, நூல் மாதிரி கிழித்து நெய்த பட்டுப் பாய், மடித்தால் துணி மாதிரி மடங்கும், நடுவில் சிவப்பிலும் பச்சையிலும் எங்கள் இருவர் பெயரும் கல்யாணத் தேதியும் நெய்திருக்கும். அதை நான் ஹால் சுவரில் கண்ணாடி போடாமல் அப்படியே தொங்கவிட்டிருந்தேன். வருகிறவர்கள் எல்லோரும் மெச்சிய ஒரே சாமான் அதுதான், மௌனத்துக்கு அப்புறம் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கு அது கைகொடுக்கும்.

மதினி கடலைப் பார்த்தார், சந்தோஷப்பட்டார், ஊஞ்சலில் ஆடினார், பச்சைச் சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பாயைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஏளா, பாயப் போயி சொவத்துல மாட்டிருக்க? படுக்கதுக்குல்லா பாயி."

"வீணாப் போயிரும்னுதான் மதினி."

"இருவத்தஞ்சு வருசத்துல ஒருநா கூடப் படுக்கலையா?"

நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்குப் பௌர்ணமி. சூரியன் கபாலி கோவில் பக்கம் இறங்கிய கொஞ்ச நேரத்தில் நிலா கடலுக்கு மேலே வந்துவிட்டது, முதலில் செம்பு நிறத்தில், அப்புறம் வெளுத்துக்கொண்டே. மதினி ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, பாயைத் தானே கழற்றினார். தூசு தட்டி, ஈரத்துணியால் ஒரு ஒற்று ஒற்றிவிட்டு, பால்கனியில் விரித்தார். பெயர் இருக்கும் பக்கம் தலைமாட்டுக்கு வரும்படி விரிக்க வேண்டுமாம். "வா, படு" என்றார். நானும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்தோம். பாய் முதுகுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. மதினி அவருடைய கல்யாணத்தில் கிடைத்த பாயைப் பற்றி, அதில் படுத்து வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி, அது கிழிந்து கடைசியில் நெல் காயப்போடும் பாயான கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார், எப்போது தூங்கினோம் என்று தெரியவில்லை.

விடிந்தபோது என் இடது கை முழுக்கப் பாயின் வரி பதிந்திருந்தது. சிவப்பு நூலின் சாயம் கொஞ்சம் என் நைட்டியில் ஒட்டியிருந்தது. மதினி ஊருக்குப் போன பின்னும் பாய் சுவருக்குப் போகவில்லை, தினமும் சாயங்காலம் ஊஞ்சலுக்கு முன்னால் விரிக்கிறோம். அது தொங்கிய இடத்தில் ஆணி மட்டும் இருக்கிறது. இப்போது அதில் கணவர் வீட்டுச் சாவியை மாட்டுகிறார்.